புரூப்பைக் காட்டிவிட்டு அச்சடிக்கச் சொல்கிறார்கள்

வாசகர் கேள்வி:

"எனக்கு 63 வயதுங்க. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். சென்னிமலைப் பக்கம் ஊர். வீட்டில் கன்னடம் பேசுகிற நெசவுக் குடும்பங்கள் நாங்கள். எங்கள் சமூகத்துக்கென்று என் அண்ணன் ஆரம்பித்த மாதப் பத்திரிகையை, அவர் காலமான பிறகு மூன்று வருடமாக நான் நடத்துகிறேன். 1,200 பிரதி. வரன், இரங்கல், மார்க் வாங்கிய பிள்ளைகளின் போட்டோ, கோயில் விசேஷம், ஒரு பக்கம் மட்டும் எங்கள் பேச்சுக் கன்னடத்தைத் தமிழ் எழுத்தில் போடுவேன். கடைசிப் பக்கத்தில் வெளியிடுபவர் என்று இன்னும் அண்ணன் பெயர்தான் இருக்கிறது. போன இதழில், எங்கள் சங்கத்துக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்தைத் தலைவரின் மைத்துனருக்கு மாதம் 18,000 ரூபாய்க்கு மூன்று வருடக் குத்தகை விட்டிருப்பதை எழுதினேன். அதே ரோட்டில் அதே அளவு மண்டபம் 60,000க்குப் போகிறது. கணக்குத் தாளைச் சங்கத்துக்குள்ளிருந்தே ஒருவர் கொடுத்தார். 'மண்டபப் பணத்தைச் சுருட்டியது யார்?' என்று தலைப்பு வைத்தேன். பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் போட்டேன். இப்போது 50 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து போன் வருகிறது. விளம்பரம் கொடுத்த ஆறு கடைக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். பெரியவர்கள் கூடிப் பேசி, 'மன்னிப்பு எழுதிக் கொடு, தாளைக் கொடுத்தது யாரென்று சொல், இனிமேல் சங்கத்தைப் பற்றி எதைப் போட்டாலும் அச்சுக்கு முன் புரூப்பைக் காட்டிவிட்டுப் போடு, கேஸை விட்டுவிடுகிறோம்' என்கிறார்கள். என் பையன் தறிக்கு நூல் எடுப்பதும் அவர்களில் ஒருவரிடம்தான். பத்திரிகைச் சுதந்திரம் என்பதெல்லாம் எங்களைப் போன்ற சின்னப் பத்திரிகைக்கும் உண்டுங்களா?"

பதில்:

உண்டுங்க அய்யா. 12 லட்சம் பிரதி விற்கும் நாளிதழுக்கு எவ்வளவு உண்டோ, உங்கள் 1,200 பிரதிக்கும் அவ்வளவே உண்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவில் பேச்சுரிமை, கருத்துரிமை என்றுதான் இருக்கிறது. பத்திரிகை என்ற சொல்லே அங்கே கிடையாது. அரசியல் நிர்ணய சபையில் சிலர் அதைத் தனியாகச் சேர்க்கக் கேட்டார்கள். ஆசிரியர் ஒரு குடிமகனாக இருந்தே தன் உரிமையைப் பயன்படுத்துகிறார், தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றார் அம்பேத்கர். உங்களுக்கு இன்னொரு பிடிமானமும் இருக்கிறது. தனக்கென்று ஒரு மொழியோ எழுத்தோ பண்பாடோ உள்ள எந்த மக்கள் பிரிவும் அதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்கிறது 29(1). பேச்சுக் கன்னடத்தைத் தமிழ் எழுத்தில் போடுகிறீர்களே ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சட்டப் பிரிவு இல்லை. மகனுக்குத் தறி தெரிந்தாலும் பேரனுக்கு வீட்டு மொழி தெரியாமல் போகிற காலத்தில், என்ன நடந்தாலும் அந்தப் பக்கத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஆனால் இந்த உரிமை அரசாங்கத்தின் கையைக் கட்டுவதற்கு எழுதப்பட்டது. உங்கள் கழுத்தில் இருப்பது அரசாங்கத்தின் கை இல்லையே. மாமன் மச்சான் கை அது. கலெக்டர் உங்கள் புரூப்பைக் கேட்டால் நாளைக்கே உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். சங்கத் தலைவர் கேட்டால் போட முடியாது. காட்ட மாட்டேன் என்று நீங்களே சொன்னால்தான் உண்டு. ஒரு சமூகத்துக்குள் நடக்கும் பத்திரிகையின் கஷ்டமே இதுதான். வாசகர், விளம்பரதாரர், செய்தியில் வருகிறவர், பெண் கொடுத்தவர், நூல் கொடுக்கிறவர் எல்லாம் ஒரே ஆட்கள்.

அதனால் முதலில் அந்த மன்னிப்புக் கடிதத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தானுங்க, பெரியவங்க மனசு ஆறட்டும்" என்பார்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கும் அந்த ஒரு தாள், நாளை கோர்ட்டில் நீங்களே கொடுத்த ஒப்புதலாக வந்து நிற்கும். கேஸை விட்டுவிடுகிறோம் என்பது வாய்ப்பேச்சு. உங்களுடையது எழுத்து.

நம் பக்கத்திலேயே இதற்குப் பெரிய பாடம் ஒன்று நடந்திருக்கிறது. திருச்செங்கோட்டைப் பின்னணியாக வைத்து எழுதிய ஒரு நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனை 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை'க்கு உட்கார வைத்தார்கள். நிபந்தனையில்லாத மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலை 5 அன்று, தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, அந்தப் பேச்சுவார்த்தையில் எட்டிய முடிவு எழுத்தாளரை எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. எழுதுங்கள் என்று சொல்லித்தான் அந்தத் தீர்ப்பு முடிகிறது. நல்ல தீர்ப்புதான். ஆனால் போட்ட ஒரு கையெழுத்தின் பாரம் இறங்க ஒன்றரை வருடம் ஆனது என்பதையும் பாருங்கள். அது அரசு அலுவலகத்தில், அதிகாரிகள் முன்னால் நடந்ததால் அவ்வழக்குக்கு அந்தப் பிடி கிடைத்தது. உங்கள் பேச்சுவார்த்தை நடப்பது மண்டபத்துத் திண்ணையில்.

புரூப் காட்டும் விஷயத்திலும் எனக்கு ஒரே கருத்துதான். வக்கீல் ஆவதற்கு முன் ஈரோட்டில் ஒரு அச்சகத்தில் நான்கு வருடம் புரூப் திருத்தியவன் நான். அங்கே உங்களுடையதைப் போலவே ஒரு சமூக மாத இதழ் அச்சாகும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கோயில் கும்பாபிஷேகச் செய்தியில் பெயர் விட்டுப்போய் விடக்கூடாதென்று நிர்வாகிகளிடம் புரூப் காட்டினார்கள். அடுத்த மாதம் அவர்களாகவே அச்சகத்துக்கு வந்தார்கள். அதற்கடுத்த மாதம் சிவப்பு மையோடு வந்தார்கள். ஒரு வருடத்தில் அந்தப் பத்திரிகை கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டது. பெரியவர்கள் பெயர் வரிசையாக, யார் பெயர் யாருக்கு முன்னால் என்ற சண்டை மட்டும் மிச்சம்.

புரூப் காட்டாதீர்கள், ஆனால் கேள்வியை அனுப்புங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் இந்தத் தடவை சறுக்கியிருக்கிறீர்கள். இவ்வளவு குறைவாக ஏன் விட்டீர்கள் என்று தலைவரிடம் எழுத்தில் கேட்டு, ஒரு வாரம் பொறுத்து, அவர் பதிலையும் சேர்த்துப் போட்டிருந்தால் உங்கள் பக்கம் இரும்பு மாதிரி இருந்திருக்கும். கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

இன்னொரு சறுக்கல் தலைப்பு. நீங்கள் வாத்தியார், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பிச் சொல்கிறேன். 18,000 ரூபாய் என்பது தாளில் இருக்கிறது. மைத்துனர் என்பது ஊருக்கே தெரியும். பக்கத்து மண்டபத்தின் 60,000 விசாரித்தால் கிடைக்கும். 'சுருட்டியது' என்பது எந்தத் தாளில் இருக்கிறது? குறைந்த வாடகைக்கு விட்டால் சங்கத்துக்கு நட்டம். அது தலைவர் பைக்குள் போனது என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? கடைசியில் கேள்விக்குறி போட்டிருக்கிறேனே என்று சொல்லலாம். கேள்விக்குறி கேடயமாகாது. படித்தவர் மனதில் என்ன பதிந்தது என்றுதான் கோர்ட் பார்க்கும். நோட்டீஸ் கொடுத்த வக்கீல் குத்தகைத் தொகையைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கிறாரா என்று எடுத்துப் பாருங்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நோட்டீஸ் முழுக்க ஓடியிருக்கும்.

ஆகவே அடுத்த இதழில், முதலில் வந்த அதே பக்கத்தில் ஒரு விளக்கம் போடுங்கள். குத்தகைத் தொகை பற்றிய செய்தியில் மாற்றம் இல்லை, தலைப்பில் வந்த அந்தச் சொல்லை மட்டும் திரும்பப் பெறுகிறோம், தலைவர் பதில் அனுப்பினால் அப்படியே வெளியிடுவோம் என்று. மூன்று வரி போதும். செய்திக்கு மன்னிப்புக் கேட்பது வேறு, தவறிய சொல்லைத் திருத்துவது வேறு. வாசகத்தை மட்டும் அச்சுக்கு முன் உங்கள் வக்கீல் பார்த்துவிடட்டும்.

இனி நோட்டீஸ். 50 லட்சம் என்றதும் வீட்டில் அம்மா இரவு தூங்கியிருக்க மாட்டார்கள். நோட்டீஸில் எத்தனை சைபர் வேண்டுமானாலும் போடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அதையே வழக்காகத் தாக்கல் செய்தால் தமிழ்நாட்டில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், அதாவது 1,50,000 ரூபாய் முன்னால் கட்டியாக வேண்டும். 2017 வரை இது ஏழரை சதவீதமாக இருந்தது. கட்டுகிறவர்கள் கட்டத்தான் செய்வார்கள், அதனால் நோட்டீஸை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. பயத்தை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மூலமான அவதூறுக்கு நட்டஈடு கேட்க வெளியான நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. அந்த வழக்கில் எழுதியது உண்மை என்று நிரூபித்தால் அதுவே முழுத் தற்காப்பு.

குற்ற வழக்கு வேறு மாதிரி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள், இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 ஆகியிருக்கிறது. இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் இது இல்லாமல் போகப் போவதில்லை. இதில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மைக்காக வெளியிட்டதாகவும் இருக்க வேண்டும்.

"நம்ம வீட்டுச் சமாச்சாரத்தில் பொது நன்மை எங்கிருந்து வந்தது" என்று அவர்கள் கேட்பார்கள். இங்கேதான் உங்கள் பத்திரிகை சின்னதாக இருப்பது உங்களுக்குக் கைகொடுக்கிறது. அந்த மண்டபம் உங்கள் வாசகர்கள் சந்தா போட்டுக் கட்டியது. தங்கள் பணம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு நேரடிப் பாத்தியதை உண்டு. தன்னுடைய அல்லது மற்றவருடைய நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னது அவதூறாகாது என்று சட்டத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது. பங்காளிக்கு பங்காளி கணக்குக் கேட்பது போலத்தான். ஆனால் அதையே வாட்ஸ்அப்பில் போட்டீர்களே, அந்தக் குழுக்களில் வேற்று ஊர் ஆட்கள், வியாபார ஆட்கள், சம்பந்தமே இல்லாதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு உங்கள் மண்டபத்தில் என்ன பாத்தியதை? பங்காளிகளுக்குள் பேசும்போது இருக்கும் பாதுகாப்பு, சந்தையில் நின்று பேசும்போது இருக்காது. இனி பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் சந்தாதாரர் குழுவுக்கு மட்டும் அனுப்புங்கள்.

1994இல் நக்கீரன் ஆசிரியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை யாராவது உங்களுக்கு எடுத்துக் கொடுப்பார்கள். பெரிய தீர்ப்பு. அவதூறாக எழுதிவிடுவார்கள் என்று பயந்து அதிகாரிகள் முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது என்று சொன்னது அது. அரசு அதிகாரியின் அலுவல் பற்றி எழுதும்போது சின்னச் சின்னத் தவறுகளுக்கு இடம் கொடுத்ததும் அதுதான். சங்கத் தலைவர் அரசு அதிகாரி இல்லை என்பதால் அந்தச் சலுகையை அப்படியே நம்பி உட்கார வேண்டாம். ஆனால் அதே தீர்ப்பில், பொது ஆவணத்தை ஆதாரமாகக் கொண்டு எழுதுவதைத் தனிமனித அந்தரங்கத்தின் பேரில் தடுக்க முடியாது என்றும் இருக்கிறது. அந்த வரி உங்களுக்கு வேண்டும்.

ஏனென்றால், தாளைக் கொடுத்தது யார் என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. செய்தி கொடுத்தவர் பெயரைச் சொல்ல மறுக்க நம் நாட்டில் பத்திரிகையாளருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1978ஆம் வருடத்துப் பிரஸ் கவுன்சில் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அது கவுன்சில் முன்னால் மட்டும்தான் செல்லும். நீதிபதி கேட்டால் நிலைமை வேறு. அதனால் அந்தக் கேள்வியே எழாதபடி செய்துவிடுங்கள். சங்கம் பதிவு பெற்றது என்றால் 1975ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருடா வருடம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும். அதன் நகலுக்கு மனுப் போடுங்கள். குத்தகை ஓராண்டுக்கு மேல் என்றால் பத்திரப்பதிவு கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, குத்தகைப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பதிவே செய்யவில்லை என்று தெரிந்தால், அது உங்களுக்கு அடுத்த மாதச் செய்தி. உங்கள் கையில் அரசு முத்திரை போட்ட நகல் வந்த பிறகு, ரகசியமாகத் தாள் கொடுத்தவர் யாராக இருந்தால் என்ன? அவர் எந்தக் கோர்ட்டுக்கும் தேவைப்பட மாட்டார். அதுவரை அவர் பெயர் உங்கள் டைரியில் கூட வேண்டாம், செல்போனில் அவர் அனுப்பிய படங்களை என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் உங்கள் வக்கீலிடம் நேரில் பேசுங்கள். வழக்கு வரப்போவது தெரிந்த பிறகு நீங்களாக எதையும் அழிக்கக் கூடாது.

ஸ்டேஷன் போனுக்கு வருகிறேன். அவதூறு, போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர் போடும் குற்றமில்லை. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்ட்ரேட் முன் தனிப் புகார் கொடுக்க வேண்டும். இப்போதைய நடைமுறைச் சட்டத்தில், அந்தப் புகாரைக் கோப்பில் எடுக்கும் முன் உங்களையும் கேட்டாக வேண்டும். ஆனால் நடப்பில் என்ன? மனு விசாரணை என்று கூப்பிடுவார்கள், ஒரு பெஞ்சில் மதியம் வரை உட்கார வைப்பார்கள், "ஏனுங்க சார், பெரிய மனுசங்களோட எதுக்கு வம்பு, எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்பார்கள். அங்கேயும் எழுதிக் கொடுக்க வேண்டாம். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் 60 வயது தாண்டியவரை வீட்டிலேயே வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் வயதுக்கு ஒரு பலன். எழுத்தில் சம்மன் அனுப்பச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். போவதென்றால் வக்கீலோடு போங்கள்.

எனக்கு உண்மையில் பயம் கொடுத்தது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி. வெளியிடுபவர் இன்னும் அண்ணன்! மூன்று வருடமாகக் காலமானவர் பத்திரிகை வெளியிட்டுக்கொண்டிருக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர் என்றால் அவதூறை விட்டுவிட்டு இதைத்தான் பிடிப்பார். 1867ஆம் வருடத்துச் சட்டம் போய், 2024 மார்ச் 1 முதல் புதிய பத்திரிகைகள் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. கலெக்டர், கோட்டாட்சியர் முன் உறுதிமொழி கொடுக்கும் பழைய முறை இப்போது இல்லை. பிரஸ் சேவா என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு அண்ணன் பெயரில் இருக்கிறதா, வருடாந்திர அறிக்கை கொடுத்து வந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வாரிசுச் சான்றை வைத்து உரிமையாளர், வெளியிடுபவர் பெயரை மாற்ற இந்த வாரமே மனுச் செய்யுங்கள். மொழி என்ற இடத்தில் தமிழோடு கன்னடத்தையும் குறிப்பிடுங்கள்.

பெயர் போடுவது சின்ன விஷயம் இல்லை. 1925 மே மாதம் ஈரோட்டில் தொடங்கிய 'குடிஅரசு' 1933இல் ஒரு தலையங்கத்துக்காக ராஜத்துரோக வழக்கில் மாட்டியபோது, எழுதிய பெரியார் மட்டும் சிறைக்குப் போகவில்லை. வெளியிடுபவராகப் பெயர் போட்டிருந்த தங்கை கண்ணம்மாளும் போனார். அதனால் உங்கள் பெயரைப் போடுங்கள். மருமகள் பெயரையோ பையன் பெயரையோ போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

விளம்பரத்துக்குச் சட்டத்தில் மருந்தில்லை. கொடுப்பதும் நிறுத்துவதும் கடைக்காரர் இஷ்டம். ஆனால் 1,200 வீட்டில் உங்கள் பத்திரிகையை எதற்காக வாங்குகிறார்கள் என்று பாருங்கள். வரன் பக்கத்துக்குத்தான் வாங்குகிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெண் இருக்கும் வீட்டில் தலைவர் சொல்கிறார் என்று பத்திரிகையை நிறுத்த மாட்டார்கள். வரன் அறிவிப்புக்குக் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், சந்தாவை மூன்று வருடத்துக்குச் சேர்த்து வாங்குங்கள், பக்கத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை. கடைக்காரர்களிடம் போய்க் கெஞ்ச வேண்டாம். தீபாவளி ஜவுளிக்கு அவர்களுக்கும் உங்கள் வாசகர்கள் வேண்டும்.

பையன் நூல் விஷயம்தான் எனக்கும் சங்கடமாக இருக்கிறது. அதை நான் லேசாகச் சொல்லிவிட முடியாது. பாக்கி ஏதாவது நின்றால் முதலில் அதைத் தீர்க்கச் சொல்லுங்கள். குமாரபாளையத்திலோ ஈரோட்டிலோ வேறு நூல் வியாபாரியிடம் கணக்குத் திறந்துகொண்டு, அதற்குப் பிறகு அடுத்த இதழை வெளியிடுங்கள். ஒரு மாதம் தள்ளிப் போனால் ஒன்றும் கெட்டுவிடாது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். பையனுக்கு மனமில்லை என்றால், அதையும் நான் தவறாக நினைக்க மாட்டேன்.

நோட்டீஸுக்குப் பதில் கொடுக்க எத்தனை நாள் கெடு என்று அதிலேயே போட்டிருப்பார்கள், பெரும்பாலும் 15 நாள். பதிலை நீங்களாக எழுதாதீர்கள். போன இதழ் இரண்டு பிரதி, கணக்குத் தாள், அண்ணன் காலத்துப் பதிவுச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். நோட்டீஸ் வந்த தபால் உறையை எங்கே வைத்தீர்கள் என்று தேடுங்கள். தேதி முத்திரை அதில்தான் இருக்கிறது.